வலத்தோள், ஒன்றேகால் அங்குலம் கீழே

என் அளவு நோட்டில் அவன் பெயர் முதலில்
‘ஏகாம்பரம், வெங்காய மண்டி.’
தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்
கக்கத்தில் துணியோடு வந்து நின்றான்.
கழுத்து பதினாலு. மார்பு முப்பத்தாறு.
முதுகில் டேப்பைக் குறுக்கே போட்டதும் கை நின்றது:
வலத்தோள் ஒன்றேகால் அங்குலம் கீழே.

“யஷ்வந்த்பூர் யார்டு, மாஸ்டர்.
ஒரு நாளைக்கு நூத்தம்பது மூட்டை.
இடது தோளு துண்டு போடறதுக்கு வெச்சிருக்கேன்.”

ஸ்ரீராமபுரத்தில் நான் பார்க்காத கோணலா?
இடுப்பு சாய்ந்த மில்காரர்கள்,
ஒரு கை நீண்டுபோன கொத்தனார்.
வலப்பக்கம் இறக்கி வெட்டினேன்.
போட்டுப் பார்த்தவன்
கண்ணாடியில் வேறு யாரையோ பார்ப்பதுபோல் சிரித்தான்.
பதினொரு ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனான்.

மூட்டைக்கு நாற்பது காசு எழுபத்தைந்தான வருஷம்
யார்டு பதினேழு நாள் மூடிக் கிடந்தது.
லாரிக்குள்ளேயே வெங்காயம் முளைவிட்டுப்
பச்சையாய் எட்டிப் பார்த்ததாம்.
பெரிய தராசின் மேல் ஏறி நின்று பேசினான்.
தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் கணக்குச் சொல்லி,
உருதுவில் ஒரு வசவோடு முடித்தான்.
அவன் பேசி முடிக்கும்வரை
காலடியில் முள் அறுபத்தொன்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தண்ணீருக்காக ஊர் எரிந்த அந்த டிசம்பரில்
என் கடைப் பலகையின் தமிழெழுத்தில்
தார் பூசியவன் அவன்தான்.
பீடியைக் கடித்தபடி, ஏணியில் நின்று.
“எழுத்து உள்ளேயே இருக்கும் மாஸ்டர்,
கடை இருக்கணும்.”
மூன்று மாதம் அவனோடு பேசவில்லை.
கடை இருக்கிறது.
தாரும் இருக்கிறது.

அடுத்த அளவு, கழுத்து பதினைந்தரை.
பெயருக்கு நேரே ‘கார்ப்பரேட்டர்’.
வெள்ளைத் துணி, மேலே இரண்டு பை, உள்ளே ஒன்று.
சந்தைக் கன்னடம் அவனுக்குத் தண்ணீர்.
சர்க்கார் கன்னடம் புதிது.
உறுதிமொழிக் காகிதத்தைக்
காஜா எடுக்கும் பையனிடம் பத்து நாள் படித்துக் காட்டினான்.
பையனுக்கு இப்போதும் அது மனப்பாடம்.
ஊசியில் நூல் கோக்கும்போது முணுமுணுக்கிறான்.

எம்.எல்.ஏ. ஆன பிறகு ‘அவன்’ என்று சொல்ல முடியாது.
நோட்டில் மட்டும் சொல்லிக்கொள்வேன்.
கமர்ஷியல் தெருவில் ஏ.சி. கடையில் தைத்தார்கள்.
கோட்டுக்குள் பஞ்சு வைத்து
இரண்டு தோளையும் ஒன்றாக்கினார்கள்.
ஃபிளெக்ஸில் அதைக் கம்ப்யூட்டரே செய்துவிட்டது.
நவரங் தியேட்டர் பக்கம் முப்பதடி உயரத்துக்கு
ஒரு மூட்டையும் தொடாத தோளோடு
கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

யார்டை ஊருக்கு வெளியே தூக்கிப் போடும் ஃபைல் வந்தது.
எழுந்து ஏதாவது கேட்பார் என்று
ஹமாலிகள் டீக்கடை டிவி முன்னால்
வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
அவர் கை தூக்கினார், ஆதரவாக.
மறுநாள் பேப்பரில் படம் இருந்தது.
எந்தக் கை என்று தெரியவில்லை,
முன்னால் இருந்தவர் தலை மறைத்தது.

போன புதன்கிழமை
ஷட்டர் பாதி இறங்கிய பிறகு
குனிந்து உள்ளே வந்தார்.
காரை ரயில்வே கீழ்ப்பாலத்துக்கு அப்பால் விட்டுவிட்டு.
“பஞ்சு உறுத்துது மாஸ்டர். பிரிச்சிடு.”

கேட்க நிறைய இருந்தது. வாயில் ஊசி இருந்தது.
மார்பு நாற்பத்துநாலு.
இடுப்பை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.
“விடியக்காலம் மூணு மணிக்கு பஸ் விடச் சொல்லியிருக்கேன்,
புது யார்டு வரைக்கும்,” என்றார்,
நான் கேட்காத கேள்விக்கு.
முதுகில் டேப்பைக் குறுக்கே போட்டேன்.
ஒன்றேகால்.

பெயர் எழுதும் இடத்தில்
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
கிளம்பும்போது, “எவ்வளவு?” என்றார்.
இதற்கு ஒன்றுமில்லை,
பழைய பாக்கி பதினொரு ரூபாய், என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
மேல் பை, உள் பை, கால்சட்டைப் பை
எல்லாம் தடவினார்.

சில்லறை இல்லை.